பெண்கள் சம்மர் கேம்பில் ராஃப்டிங், ராத்திரிக் கொண்டாட்டம்: மகளை அனுப்பலாமா?

கேள்வி: வட கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. அவளுடைய பள்ளித் தோழிகள் இரண்டு பேர் மாநிலத்தின் மேற்கு மலைப் பகுதியில் ப்ரெவர்ட் பக்கம் பெண்கள் மட்டும் தங்கும் சம்மர் கேம்புக்குப் போகிறார்கள். இவளும் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். ஆற்றுப் பாய்ச்சலில் ரப்பர் படகில் துடுப்பு போட்டுப் போகும் ராஃப்டிங்குக்குக் கூட்டிப் போவார்களாம். ராத்திரியில் பார்ட்டி, டான்ஸ் எல்லாம் உண்டாம். இவளுக்கு நீச்சல் சுமார்தான். நாங்கள் சைவம். இந்த வருடமே அனுப்பலாமா, ஒரு வருடம் தள்ளிப் போடலாமா?

பதில்:

அனுப்பலாம், இந்த வருடமே. நீங்கள் பயப்படுகிற இரண்டு விஷயமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. அதை நீங்கள் கேட்கவில்லை. முதலில் கேட்டதைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நான் இந்த மலைப் பக்கம் குடியிருப்பவள். கோடையில் ராஃப்டின் பின்னால் உட்கார்ந்து துடுப்பு பிடித்திருக்கிறேன், கேம்ப் பிள்ளைகளை நிறையவே ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ப்ரெவர்ட் வட்டாரத்தில் இத்தனை கேம்ப்கள் முளைத்ததற்கு மூல காரணம் வெயில். சார்ல்ஸ்டன் பக்கத்துக் கடலோரப் பணக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வெயிலுக்கும் மலேரியாவுக்கும் தப்பித்து ஃபிளாட் ராக் என்ற மலை ஊருக்கு ஏறினார்கள். நம் பக்கம் வெள்ளைக்காரன் ஊட்டிக்கு ஏறிய அதே கதைதான். பின்னால் ரயில் வந்தது, அப்புறம் கேம்ப்கள் வந்தன. கீஸ்டோன் 1916, மெரி-வுட் 1919, ராக்புரூக்கும் இல்லஹீயும் 1921. பாட்டி தூங்கிய கேபினில் (தங்கும் குடில்) பேத்தி தூங்குவது இங்கே அதிசயமே இல்லை. அதனால் உங்கள் மகள் போய் இறங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒரு கூச்சம் வரும். சாப்பாட்டு மேசையிலேயே பத்துப் பாட்டு சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், கவலை வேண்டாம்.

இப்போது ஆறு. இந்தப் பக்கத்துக் கேம்ப்கள் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது பெரும்பாலும் நந்தஹாலா ஆற்றுக்கு. ப்ரெவர்டிலிருந்து வேனில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராஃப்டிங் ஓடும் பகுதி சுமார் 8 மைல், அதாவது 13 கிலோமீட்டர். நீர்ப் பாய்ச்சலின் கடுமையை 1 முதல் 6 வரை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். 1 என்றால் சலசலக்கும் ஓடை, 6 என்றால் உயிரைப் பணயம் வைக்கும் இடம். நந்தஹாலா பெரும்பாலும் 2. கடைசியில் வரும் நந்தஹாலா ஃபால்ஸ் மட்டும் 3. பெயரில் ஃபால்ஸ் இருக்கிறதே என்று குற்றாலத்தை நினைத்துவிடாதீர்கள், அது ஆளுயரம் கூட இல்லாத இரண்டு படி இறக்கம். கரையில் எப்போதும் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும், போட்டோ எடுப்பவர்கள் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். வாயைப் பிளந்து கத்துகிற முகத்தோடு உங்கள் மகளின் படம் ஒன்று நிச்சயம் வரும்.

இந்த ஆற்றை நான் நம்புவதற்குக் காரணம் அணை. மேலே நந்தஹாலா ஏரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அலுமினியத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வேண்டியிருந்ததால் 1942இல் கட்டி முடித்த அணை அது. ஏரித் தண்ணீர் சுரங்கத்திலும் குழாயிலும் சில மைல் வந்து மின்நிலையத்தில் இறங்கும். அங்கே டர்பைன் ஓடினால்தான் கீழே ஆற்றில் படகு ஓடும். எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்ற அட்டவணை முன்னமே வந்துவிடும். அளவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நேற்று பாறை எங்கே தலை நீட்டிக்கொண்டிருந்ததோ இன்றும் அங்கேதான் நீட்டும். கைடுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த அணையே ஒரு தொந்தரவும் கொடுக்கிறது: குளிர். ஏரியின் ஆழத்திலிருந்து வருவதால் ஜூலை மாதத்திலும் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஆற்றில் பிள்ளைகள் அழுதால் பாதி நேரம் பயத்தால் இல்லை, விறைப்பால். அதனால் பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நைலான் அல்லது பாலியெஸ்டரில் முழுக்கை நீச்சல் சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஃப்லீஸ், கம்பளி சாக்ஸ், பின்பட்டை வைத்த செருப்பு அல்லது பழைய ஷூ. நீச்சலுடை மட்டும் போட்டுக்கொள்ள உங்கள் மகள் கூச்சப்பட்டால், அதன் மேல் முழுக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போடட்டும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் தோளில் உரசாமல் இருக்க நாங்களே அதைத்தான் சொல்வோம்.

நீச்சல் சுமார் என்றீர்கள். படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஜாக்கெட் பிள்ளையை மிதக்க வைத்துவிடும். அது சரியாகப் பொருந்த வேண்டுமென்றால் உடம்பு கொஞ்சம் தேற வேண்டும். இந்த ஆற்றில் வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச எடை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ. 11 வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டியிருப்பார்கள். ஒல்லியான பெண் என்றால் இப்போதே எடை பார்த்துவிடுங்கள். அங்கே போய் கரையில் நிற்க வைத்தால் மனசு உடைந்துவிடும். நீச்சல் தெரிவதைவிட, முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறாமல் இருப்பதுதான் ஆற்றில் உதவும். கோடைக்கு முன் பக்கத்து நீச்சல் குளத்தில் நாலு சனிக்கிழமை அதற்காகவே கூட்டிப் போங்கள். கேம்பில் முதல் நாளே ஏரியில் நீச்சல் பரிசோதனை வைப்பார்கள், அதற்கும் உதவும்.

படகு ஏறுமுன் கைடு ஒரு பாடம் எடுப்பாள். பிள்ளைகள் அதை விளையாட்டாகக் கேட்பார்கள், ஆனால் அதில் இரண்டு விஷயம் உயிருக்குச் சமானம். நீங்கள் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒன்று, தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. முழங்கால் ஆழம்தானே என்று கால் ஊன்றினால் பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி நீட்டி, ஆறு போகும் திசையில் கால் முன்னால் இருக்கும்படி மிதக்க வேண்டும். மீதியைக் கைடு பார்த்துக்கொள்வாள். அவளிடம் எறியும் கயிற்றுப் பை இருக்கும். இன்னொன்று, துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும், அதிலிருந்து கையை எடுக்கவே கூடாது. கை விட்ட துடுப்பு பக்கத்துப் பிள்ளையின் பல்லில் போய் அடிக்கும். நந்தஹாலாவில் நான் பார்த்த காயங்களில் அதிகம் உதடும் பல்லும்தான். மூழ்கிவிடுவாளோ என்று பயந்து அனுப்பும் அம்மாக்கள் யாரும் பல்லைப் பற்றிக் கேட்டதே இல்லை.

மற்றபடி அந்த இரண்டரை மூன்று மணி நேரமும் கும்மாளம்தான். ஒரு படகில் ஆறேழு பிள்ளைகள். கைடு "முன்னால்" என்றால் எல்லோரும் சேர்ந்து துடுப்பு போட வேண்டும், "பின்னால்" என்றால் எதிர்ப்பக்கம். நேரம் தவறி ஆளுக்கொரு பக்கம் போட்டால் படகு பம்பரம் சுற்றும், பின்னால் வரும் படகு வந்து இடிக்கும், உடனே தண்ணீர்ச் சண்டை. அமைதியான இடத்தில் ஒருத்தியைப் படகின் மூக்கில் கால் தொங்கப் போட்டு உட்காரச் சொல்வோம், அதற்கு அடிதடியே நடக்கும். கேம்ப் பாட்டு வேறு, பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும். மற்றப் பயணிகள் முதலில் முகம் சுளிப்பார்கள், நாலாவது பாட்டில் அவர்களும் தாளம் போடுவார்கள்.

படகை நடத்துவது யார் என்று கேம்பிடம் கேளுங்கள். சில கேம்ப்கள் ஆற்றங்கரையில் இருக்கும் ராஃப்டிங் நிறுவனங்களோடு ஏற்பாடு செய்துகொள்ளும். நந்தஹாலா அவுட்டோர் சென்டர் 1972இலிருந்து அங்கே இருக்கிறது. ராக்புரூக் மாதிரி கேம்ப் வனத்துறையிடம் தானே அனுமதி வாங்கி, சொந்தக் கைடுகளை வைத்து நடத்துகிறது. இரண்டுமே நல்ல முறைதான்.

இன்னும் இரண்டு ஆறுகளின் பெயர் உங்கள் காதில் விழும். டென்னசியில் ஒக்கோயி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நுரைத்துப் பாயும் நீரில் படகு விடும் போட்டி நடந்த ஆறு, 3ஆம் 4ஆம் வகுப்புப் பாய்ச்சல்கள். அங்கே சட்டப்படி 12 வயது ஆக வேண்டும், ஆகவே இந்த வருடம் பேச்சே இல்லை. ஒரு காலத்தில் அந்த ஆற்றுத் தண்ணீரையெல்லாம் மரக்கால்வாய் வழியாக மின்நிலையத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1976இல் கால்வாயைப் பழுது பார்க்க மூடினபோது தண்ணீர் மறுபடி ஆற்றில் ஓட, துடுப்புக்காரர்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள், பிறகு போகவே இல்லை. இன்னொன்று சட்டூகா, தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் எல்லை. 1974இல் அதற்குத் தேசியப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள், ஓடும் பகுதியில் அணை கிடையாது. மழைக்குத் தக்கபடி ஆற்றின் குணமே மாறும். எனக்கு மிகப் பிடித்த ஆறு அதுதான். ஆனால் 11 வயதுப் பெண்ணை அதன் கடுமையான பகுதிக்குக் கூட்டிப் போகிறோம் என்று எந்தக் கேம்பாவது சொன்னால் அந்தக் கேம்பை விட்டுவிடுங்கள்.

ராத்திரி விஷயத்துக்கு வருவோம். "பார்ட்டி" என்று மகள் சொன்னதும் உங்களுக்கு ஹைஸ்கூல் பார்ட்டி ஞாபகம் வந்திருக்கும். அது வேறு உலகம். போன் கிடையாது, கேம்புக்குள் நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கடிதம்தான். சாப்பாடு முடிந்ததும் தினம் ஏதாவது ஒன்று நடக்கும். ஒரு நாள் கேபின் கேபினாக நாடகம், ஒரு நாள் கவுன்சிலர்களை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காக்கள்) புதர்களில் தேடிப் பிடிக்கும் விளையாட்டு, ஒரு நாள் கிழட்டு வேஷம் போட்டுக்கொண்டு சாப்பாடு. பிஸ்கா காட்டில் 60 அடி நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் பாறை இருக்கிறது, ஸ்லைடிங் ராக். சாயங்காலம் அங்கே போய் வழுக்கிவிட்டு, காட்டின் வாசலில் இருக்கும் டாலீஸ் கடையில் ஐஸ்கிரீம். அங்கே ஐஸ்கிரீம் வகைகளுக்குச் சுற்றுவட்டாரக் கேம்ப்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தன் கேம்ப் பெயரைச் சொல்லி ஐஸ்கிரீம் வாங்குவதில் அந்த வயதுக்கு இருக்கும் பெருமை இருக்கிறதே!

ஆண்கள் கேம்போடு சேர்ந்த டான்ஸ் ஓரிரு மாலை இருக்கலாம். பெரியவர்கள் சூழ நடக்கும் நிகழ்ச்சி. சின்னப் பெண்கள் ஒரு மூலையில் கூட்டமாக நின்று தங்களுக்குள்ளேயே குதித்துவிட்டு வருவார்கள். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 பெரிய நாள். விடியற்காலையிலேயே எழுப்பிக் கொடியேற்றம், எல்லோர் முகத்திலும் சிவப்பு வெள்ளை நீலச் சாயம், பகலெல்லாம் போட்டி, இருட்டினதும் ஏரிக்கரையில் வாணவேடிக்கை. அதைவிடப் பெரியது கேம்ப் முடியும் வாரத்தில் வரும் விருந்து. இதை நடத்துவது கேம்பிலேயே மூத்த பெண்கள், 15 வயதை ஒட்டியவர்கள். என்ன கரு என்று யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள். வாரக்கணக்கில் ஒளிந்து ஒளிந்து திரைச்சீலை வரைவார்கள், உடை தைப்பார்கள், ஆட்டம் பழகுவார்கள். அன்றைக்குக் கதவு திறந்ததும் தினம் சாப்பிட்ட அதே கூடம் கடலடியாகவோ சர்க்கஸாகவோ மாறியிருக்கும். பரிமாறுவதும் அவர்களே. சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார்கள், அப்போதே "நான் பெரியவளானதும்" என்று தொடங்கிவிடுவார்கள். தன்னைவிட மூன்று நாலு வயது மூத்த பெண்கள் தனக்காக மெனக்கெட்டதைப் பார்ப்பது ஒரு 11 வயதுக்காரிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருந்து புரியாது. பிள்ளைகள் அடுத்த வருடமும் போக வேண்டும் என்பது ஆற்றுக்காக என்று அப்பா அம்மா நினைக்கிறார்கள். என் கணக்கில் முக்கால்வாசி இந்த ஒரு ராத்திரிக்காக.

கடைசி இரவு நெருப்பைச் சுற்றிச் சட்டையெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்து பாட்டு, பேச்சு, பிறகு மெழுகுவர்த்தி ஏந்தி ஏரியைச் சுற்றி நிற்பது. அழுகை தவிர்க்க முடியாதது. இந்த நெருப்புச் சடங்குக்குப் பழைய கதை உண்டு. 1910இல் மெய்ன் மாநிலத்தில் குலிக் தம்பதி தொடங்கிய கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் இயக்கம் முதலே பெண்கள் கேம்ப்களில் பூர்வகுடிகளைப் போல உடை, பூர்வகுடிப் பெயர், "சபை நெருப்பு" என்றெல்லாம் வேஷம் கட்டினார்கள். நிஜமான செரோக்கி மக்கள் நந்தஹாலாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குவாலா என்ற தங்கள் நிலப்பகுதியில் வாழ்கிறார்கள் என்கிறபோது அது எனக்கு என்றுமே சங்கடம்தான். பல கேம்ப்கள் இப்போது அதை விட்டுவிட்டன. இன்னமும் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு எந்த மாதிரி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில கேம்ப்கள் முழுக்கக் கிறிஸ்தவம், சிலவற்றில் மரத்தடியில் உட்கார்ந்து நட்பு, நன்றி என்று பேசுவதோடு சரி. எது ஏற்றது என்பது உங்கள் வீட்டு முடிவு.

இனி நீங்கள் கேட்காத விஷயம். 2025 ஜூலை 4 விடியுமுன் டெக்சஸில் குவாடலூப் ஆறு பெருகி, கேம்ப் மிஸ்டிக் என்ற பெண்கள் கேம்பில் பிள்ளைகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். ராஃப்டிங்கில் இல்லை. ஆற்றங்கரைக் கேபின்களில் தூங்கிக்கொண்டிருந்தபோது. அந்த வருடம் செப்டம்பரிலேயே டெக்சஸ், வெள்ளம் வரும் நிலத்தில் கேம்ப் கேபின் கூடாது என்று சட்டம் போட்டது. நீங்கள் அனுப்பப் போவது வேறு மாநிலம். ஆனால் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளத்தால் இதே மலைகளை என்ன செய்தது என்று கேரியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கேம்ப் சீசன் முடிந்திருந்தது.

ஆகவே ராஃப்டிங் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில், கேம்ப் இயக்குநரைப் போனில் பிடித்து இதைக் கேளுங்கள்: என் மகள் தூங்கும் கேபின் வெள்ளப் பகுதியில் இருக்கிறதா? (அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் வலைத்தளத்தில் கேம்ப் முகவரியைப் போட்டு வரைபடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.) நடு ராத்திரி வானிலை எச்சரிக்கை வந்தால் யார் கேட்பார்கள்? செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கு, வானிலை ரேடியோ இருக்கிறதா? கேபினிலேயே கவுன்சிலர் தூங்குவாரா? இருட்டில் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று முதல் நாளிலேயே பிள்ளைகளை நடக்க வைத்துப் பழக்குவீர்களா? நல்ல இயக்குநர் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார், கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார். "எங்களுக்கு இத்தனை வருட அனுபவம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு கேம்ப் பாருங்கள். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கேம்ப் தானாக முன்வந்து எடுப்பது, கட்டாயம் இல்லை. ஆற்றிலிருந்து திரும்பும் வேனை யார் ஓட்டுவது என்பதும் கேட்க வேண்டியதுதான். நாள் முழுக்கத் துடுப்பு போட்ட 19 வயதுக் கைடு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

சில்லறை விஷயங்கள். காதுத் தோடு, சங்கிலி, கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முடியை இறுக்கிப் பின்னி விடுங்கள், அல்லது பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். கண்ணாடி போடுபவள் என்றால் பின்னால் கட்டும் பட்டை வேண்டும். மாதவிடாய் அந்த நாளில் வந்தால் போகலாம், போகாமலும் இருக்கலாம். பெண் கவுன்சிலர்களுக்கு இது அன்றாடம். ஆனால் இவளாக வாய் திறந்து சொல்ல வேண்டும், அதை முன்கூட்டிப் பேசி வையுங்கள். சைவச் சாப்பாடு அனேகமாக எல்லாக் கேம்பிலும் கிடைக்கும், விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது மார்ஷ்மெல்லோ. கேம்ப் நெருப்பில் சுட்டு, சாக்லேட்டோடு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துத் தருவார்களே, அதில் ஜெலட்டின் இருக்கிறது, மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது. ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ கடையில் கிடைக்கிறது. வெளி உணவு கொண்டுவர அனுமதிக்கமாட்டார்கள், ஆகவே கேம்பையே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

தள்ளிப் போடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம், தோழிகள் போகும் வருடம்தான் நல்ல வருடம். ஆனால் நாலு வார செஷனில் நேரே போட்டுவிடாதீர்கள். பல ஆயிரம் டாலர் வேறு. ஒன்று அல்லது இரண்டு வார செஷன் பாருங்கள், மூன்றாம் நாள் ராத்திரி எழுதிய கடிதம் "அம்மா, வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று வரும், வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது உங்கள் கைக்கு வரும்போது அவள் அடுத்த நாடகத்துக்கு மீசை வரைந்துகொண்டிருப்பாள். நந்தஹாலாவுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒக்கோயி அடுத்த வருடம் அவளே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். நல்ல கேம்ப்களில் இடம் பனிக்காலத்திலேயே நிரம்பிவிடும், அதனால் இயக்குநரிடம் பேசுவதை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.